தணிகையும் தண்ணிழலும்

தமிழ்நாட்டின் வட எல்லையை ஒட்டி அமைந்த ஊர்களுள் திருத்தணி புகழ் வாய்ந்தது. முருகப் பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் கோயில் அவ்வூர்க் குன்றின்மேல் விளங்குகின்றது. பகைவரோடு பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் ஆதலின், அவ்வூர் 'தணிகை' எனப் பெயர் பெற்றது என்பர். செரு என்றால் போர். போர் தணிந்த இடம் என்னும் பொருளில் 'செருத்தணி' என்றும் அதனை வழங்குவர். குன்றின்மேல் ஏறுவதற்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது அடியார் கணக்கு.

பெயரில் தணிவு இருப்பினும், கோடையில் அவ்வூர் தணிந்து நிற்பதில்லை. வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறிய ஊர்களின் பட்டியலை வானிலைத் துறையினர் கோடைதோறும் வெளியிடுகின்றனர். அப்பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் பலகால் காணப்படுகின்றது. குளிர்ந்த அறையில் இருப்போர்க்கு அது வெறும் எண். கோயில் அடிவாரத்தில் பூக்கூடையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கோ அது உடல் நோவு. தகரக் கூரையின்கீழ் நாள்முழுதும் தறியில் அமர்ந்து நெய்பவர்க்கு அது தலைச்சுற்று. வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து வரும் அடியார்க்கு அது கொப்புளம். பள்ளி விட்டு வீடு திரும்பும் சிறுவர்க்கு அது வறண்ட நா.

சினம் தணிந்த ஊரில் வெம்மையும் தணிய வேண்டாவா? அதனைத் தணிக்கும் வழி மரம் வளர்த்தல் என்பதை எல்லாரும் அறிவர். ஆயினும், அம்மரத்தை வளர்க்க வேண்டியவர் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. அரசினர் வளர்க்கட்டும் என்பர் சிலர். நகராட்சியார் வளர்க்கட்டும் என்பர் வேறு சிலர். தெருவில் வாழ்வோரே கூடி அதனை வளர்த்தல் வேண்டும் என்பதே அறிவுக்கு இசைந்த முடிபாகும். அவ்வாறு வளர்ப்பின் ஒன்றுக்கு இரண்டாகப் பயன் விளையும்: தெருவின் வெம்மை குறையும், தெருவார் ஒருவரை ஒருவர் அறிவர். இவ்விரண்டினுள் பின்னதே உயிர்காக்கும் பெரும்பயன் எனலாம்.

வெம்மையின் தோற்றம்

ஊரைச் சூழ்ந்த வயலைவிட ஊர் வெப்பமாக இருப்பது ஏன்? இவ்வினா இன்று புதிதாக எழுந்தது அன்று. இங்கிலாந்து நாட்டில் லூக் ஓவர்டு என்னும் அறிஞர் ஒருவர் இருந்தார். முகில்களுக்கு இன்றும் வழங்கும் இலத்தீன் பெயர்களை வகுத்தவர் அவரே. அவர் லண்டன் மாநகரின் உள்ளும் புறமும் வெப்பமானி கொண்டு பல ஆண்டுகள் அளந்து, நகரத்தின் இரவு நாட்டுப்புறத்தின் இரவைவிட வெப்பம் மிக்கது என்று கண்டு, 1818ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கடல் நடுவே தீவு நிற்பதுபோல், தண்மையின் நடுவே வெம்மை பொதிந்து நிற்கும் நகரத்தை இக்கால அறிஞர் 'வெப்பத் தீவு' என்பர்.

வயலில் ஈரம் உண்டு, பயிர் உண்டு. கதிரவனின் வெப்பத்தில் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகின்றது. ஊருக்குள் ஈரத்திற்கு இடமில்லை. தார்ச்சாலையும், சிமெண்டுத் தளமும், செங்கற் சுவரும், தகரக் கூரையும் பகல் முழுதும் வெப்பத்தை உண்கின்றன. கதிரவன் மறைந்த பின்னர் உண்டதனைக் கக்குகின்றன. திருத்தணி போன்ற குன்றடி ஊர்களில் பாறையும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றது. ஊர்திகள் தம் பங்குக்கு வெப்பம் உமிழ்கின்றன. ஆதலின் இரவிலும் காற்று குளிர்வதில்லை. பகலில் உழைத்துத் தளர்ந்த உடல் இரவில் குளிர்ந்தால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும். குளிராத இரவுகள் தொடர்ந்து வருமாயின், முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் முதலில் வாடுவர்.

மரம் தணிக்கும் வகை

மரம் இரண்டு வகையால் வெம்மையைத் தணிக்கின்றது. முதலாவது நிழல். கதிரவனின் ஒளி சுவரையும் சாலையையும் சேராதபடி இலைகள் இடையில் நின்று தடுக்கின்றன. சுடாத சாலை இரவில் கக்குவதற்கு வெப்பம் ஏது?

இரண்டாவது நீராவிப் போக்கு. வேர் உறிஞ்சிய நீரை மரம் இலைகளின் நுண்துளை வழியே ஆவியாக வெளியிடுகின்றது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே நீர் இலையிலிருந்து ஆவியாகச் செல்வதற்கோ ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவைப்படுகின்றது. அஃதாவது, உலையைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தைப் போல் எட்டு மடங்கு வெப்பத்தை, மரம் விடும் ஒவ்வொரு லிட்டர் நீரும் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துச் செல்கின்றது. மரத்தடியில் நின்றவர் உணரும் தண்மைக்கு நிழல் மட்டும் காரணம் அன்று என்பது இதனால் விளங்கும்.

குளிர்சாதனப் பொறியும் அறையைக் குளிர்விக்கத்தான் செய்கின்றது. ஆனால் அப்பொறி தன் வீட்டு வெப்பத்தைப் பக்கத்துச் சந்தில் கொட்டுகின்றது. ஒரு வீடு குளிர, அயல் வீடு கொதிக்கின்றது. மரம் அத்தகையது அன்று. தன்னை நட்டவர்க்கும் நடாதவர்க்கும், வீட்டு உரிமையாளர்க்கும் வழிப்போக்கர்க்கும் அது ஒரே தன்மையான நிழலைத் தருகின்றது.

ஆயினும் ஒரு மரத்தால் ஓர் ஊர் குளிர்ந்துவிடாது. ஒரு மரத்தின் நிழல் மறு மரத்தின் நிழலைத் தொடும்படி வரிசையாக நிற்கும்போதுதான் தெரு முழுதும் தண்மை பெறும். அவ்வரிசையைத் தனி ஒருவர் உண்டாக்க இயலாது. தெருவார் கூடினால் இயலும்.

அயலாரே காப்பு

வெயில் கொல்லும் என்பதை உலகம் மெல்லவே உணர்ந்தது. புயல் வந்தால் மரங்கள் சாய்கின்றன. வெள்ளம் வந்தால் வீடுகள் மிதக்கின்றன. வெப்ப அலை வந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இறந்தவர் தொகையைப் பின்னர் எண்ணும்போதுதான் அதன் கொடுமை விளங்குகின்றது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் குசராத்து மாநிலத்து அகமதாபாத்து நகரில் கடும் வெப்பம் வீசியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1,300 பேர் மிகுதியாக இறந்தனர். அதன்பின் அந்நகரத்தார் விழித்தெழுந்து, 2013ஆம் ஆண்டில் வெப்பத்தைத் தாங்கும் செயல்திட்டம் ஒன்றை வகுத்தனர். தமிழ்நாட்டு அரசும் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. பணம் குடும்பத்தைத் தாங்கலாம். போன உயிரை மீட்குமோ?

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரின் கதை இங்கு எண்ணத்தக்கது. 1995ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அந்நகரில் வீசிய வெப்ப அலையால் 700க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் தனியே வாழ்ந்த முதியோர். கதவையும் பலகணியையும் அடைத்துக்கொண்டு வீட்டினுள்ளேயே இறந்து கிடந்தனர். எரிக் கிளினன்பர்க்கு என்னும் சமூகவியல் அறிஞர் அதன் காரணத்தை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் நூல் எழுதினார். வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என அடுத்தடுத்து அமைந்த இரண்டு பகுதிகளை அவர் ஒப்பு நோக்கினார். இரண்டிலும் வறியோர் மிகுதி. இரண்டிலும் தனித்து வாழும் முதியோர் பலர். இரண்டின்மேலும் காய்ந்த வெயில் ஒன்றே. ஆயினும் தெற்குப் பகுதியின் இறப்பு வீதம், வடக்குப் பகுதியின் வீதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே இருந்தது.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? வடக்கில் கடைகள் மூடிக் கிடந்தன. மனைகள் பாழடைந்து நின்றன. மக்கள் வெளியே வர அஞ்சினர். தெற்கில் தெருக்கள் மக்களால் நிறைந்திருந்தன. முதியோர் கடைக்கும் கோயிலுக்கும் நடந்து சென்றனர். இரண்டு நாள் ஒருவர் கண்ணில் படாவிடில், 'அவரைக் காணோமே' என்று கேட்பதற்கு ஆள் இருந்தது. அக்கேள்வி ஒன்றே பல உயிர்களைக் காத்தது.

இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. வெயிலிலிருந்து மனிதரைக் காக்கும் குடைகள் இரண்டு: ஒன்று மரம், மற்றொன்று அயலார். அயலார் என்னும் குடை வெறும் உபதேசத்தால் விரிவதில்லை. கூடி நிற்பதற்கு ஓர் இடமும், கூடிச் செய்வதற்கு ஒரு தொழிலும் வேண்டும். தெரு மரம் இவ்விரண்டையும் ஒருங்கே தருகின்றது.

பண்டைத் தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஊர் நடுவே மரத்தடியில் மன்றம் கூடினர், வழக்கு உரைத்தனர், கதை கேட்டனர், விருந்தினரை வரவேற்றனர். அரசர் காவல் மரம் வளர்த்து, அதனைத் தம் மானத்தின் அடையாளமாகப் போற்றினர். நற்றிணையில் வரும் ஒரு தலைவி, தான் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த விதையிலிருந்து முளைத்த புன்னையைத் தன் தங்கையாகவே எண்ணினாள். அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேசவும் அவள் நாணினாள். கையால் வளர்த்தது உறவாகிவிடும் என்னும் உண்மையை அப்பாட்டு உணர்த்துகின்றது. வேறொருவர் நட்டுச் சென்ற மரம் மரமாகவே நிற்கும். தானே நீர் ஊற்றிய மரம் தங்கையாகிவிடும்.

கோட்டூர்புரத்தார் செய்தது

இஃது இக்காலத்திற்கு ஒவ்வாத பழங்கதை என்று எண்ணுதல் வேண்டா. சென்னை மாநகரில் அடையாற்றின் கரையில் கோட்டூர்புரம் என்னும் பகுதி உள்ளது. அங்கே பொதுப்பணித் துறைக்கு உரிய நிலம் ஒன்று குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்வதே அவ்விடத்தில் மக்கள் செய்த வேலை. 2006ஆம் ஆண்டில் 'நிழல்' என்னும் அறக்கட்டளையினர், அப்பகுதி மக்களைத் துணையாகக் கொண்டு, குப்பையை அகற்றி அங்கே மரம் நடத் தொடங்கினர். இந்நாட்டு மண்ணுக்கு உரிய மரங்களைத் தேடித் தேடி நட்டனர். விடுமுறை நாட்களில் தொண்டர் வந்து குழி தோண்டினர், களை பறித்தனர், நீர் ஊற்றினர். இன்று அவ்விடம் மரப்பூங்காவாகத் திகழ்கின்றது. பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வந்து சேர்கின்றன. சிறுவர் வந்து மரங்களின் பெயரைக் கற்கின்றனர்.

நிலம் அரசுக்கு உரியது. இசைவு தந்ததும் அரசே. ஆனால் நாள்தோறும் கண்காணித்த கண் மக்களுடையது. இவ்விரண்டும் சேர்ந்தமையால்தான் குப்பைமேடு சோலையாயிற்று.

திருத்தணியைப் போலவே மலையும் கோயிலும் சேர்ந்த ஊர் திருவண்ணாமலை. அங்குள்ள மலை கோடைதோறும் தீப்பற்றி, மரங்கள் அழிந்து, மொட்டைப் பாறையாக நின்ற காலம் உண்டு. 1980களின் இறுதி தொட்டு அன்பர் சிலர் கூடி அம்மலையில் மீண்டும் மரம் வளர்க்கத் தொடங்கினர். உள்ளூர் மக்களும், வெளியூரிலிருந்து வந்து தங்கியவரும், வனத்துறையினரும் அப்பணியில் தோள் கொடுத்தனர். எஞ்சியிருந்த காடுகளிலிருந்து விதை திரட்டி நாற்றங்கால் அமைத்தனர். கோடைக்கு முன்னரே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதைகள் உண்டாக்கினர். புகை கண்டவுடன் ஓடிச் சென்று அணைப்பதற்குத் தொண்டர் படை வைத்தனர். நடுவதற்குச் செலவிட்ட உழைப்பைவிடக் காப்பதற்குச் செலவிட்ட உழைப்பே மிகுதி. கீழ்ச்சரிவுகள் இன்று பசுமை பெற்றிருப்பது அக்காவலின் பயனே.

நடுதலும் காத்தலும்

இந்திய நாட்டில் மரநடு விழாவுக்குக் குறைவில்லை. மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி 1950ஆம் ஆண்டில் 'வனமகோத்சவம்' என்னும் விழாவைத் தொடங்கினார். அன்று முதல் ஆண்டுதோறும் சூலை மாதத்தில் நாடெங்கும் கன்றுகள் நடப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் 'பசுமைத் தமிழ்நாடு இயக்கம்' தொடங்கி, மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது எனக் குறிக்கோள் வகுத்தது. இவை போற்றத்தக்கன. ஆனால் சென்ற ஆண்டு தோண்டிய குழியிலேயே இவ்வாண்டும் புதுக்கன்று நடும் காட்சியைப் பல ஊர்களில் காணலாம். முன்னைய கன்று எங்கே? நீரின்றிக் காய்ந்தது, அல்லது ஆடு மேய்ந்தது. நடும் நாள் ஒன்று. காக்கும் நாளோ ஆயிரம். ஒரு கன்று தன் வேரால் தானே நீர் தேடிக்கொள்ளும் நிலை அடைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அம்மூன்று கோடையும் அதனை யார் காப்பது?

கருநாடக மாநிலத்தில் உலிகல் என்னும் சிற்றூரில் திம்மக்கா என்னும் அம்மையார் இருந்தார். எழுத்தறியாதவர், மகப்பேறு இல்லாதவர். அவரும் அவர் கணவர் சிக்கய்யாவும் உலிகலுக்கும் கூதூருக்கும் இடைப்பட்ட சாலையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவுக்கு 385 ஆலமரங்களை வளர்த்தனர். தண்ணீரைக் குடங்களில் சுமந்து சென்று ஊற்றினர், முள்வேலி கட்டினர். அவரது தொண்டைப் பாராட்டி இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கியது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார். அவர் சுமந்த குடங்களை எண்ணியவர் யாரும் இலர். அவை ஆலின் நிழலாக நிற்கின்றன.

எல்லாரும் திம்மக்காவைப்போல் உழைக்க இயலுமா என்று கேட்கலாம். தெருவார் கூடினால் அத்துணைப் பெரிய சுமை ஒருவர்மேலும் விழாது. 15 வீடுகள் உள்ள ஒரு தெருவைக் கருதுக. ஒரு கன்றுக்குக் கோடையில் ஒன்றுவிட்டொரு நாள் ஒரு குடம் நீர் என்றால், மாதத்திற்கு 15 குடம் ஆகும். வீட்டுக்கு ஒரு குடமே பங்கு. தெருவில் 10 கன்றுகள் இருப்பினும், ஒரு வீட்டார் மாதத்தில் சுமக்க வேண்டியது 10 குடமே. இம்முறை வைப்பில் வேறொரு நன்மையும் உண்டு. முறை தவறிய வீட்டாரை மறுநாள் அயலார் சென்று விசாரிப்பர். அவ்வீட்டில் ஒருவர் காய்ச்சலாய்க் கிடப்பது அப்போது தெரிய வரும். சிகாகோவில் உயிர் காத்த அந்தக் கேள்வியே இது.

தடைகளும் விடைகளும்

இதனை மறுத்துரைப்போர் கூறும் காரணங்கள் சில உள. அவற்றையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

'குடிக்கவே நீர் இல்லாதபோது மரத்திற்கு நீர் ஏது?' என்பது முதல் தடை. இது பொய்யான தடை அன்று. கோடையில் குடங்கள் வரிசையாகக் காத்து நிற்கும் தெருக்கள் உண்டு. ஆயினும் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவை சாக்கடைக்குச் செல்லாமல் கன்றின் அடிக்குச் செல்லலாம். அடியில் சிறு துளையிட்ட பானையைக் கன்றின் அருகே புதைத்து நீர் நிரப்பினால், நீர் வீணாகாமல் வேருக்குக் கசியும். காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நெடிது நிற்கும். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் கன்று கோடைக்குள் வேரூன்றிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழி உழவர்க்கு மட்டும் உரியது அன்று.

'வேர் சுவரைப் பிளக்கும். கிளை மின்கம்பியில் படும். புயலில் மரம் விழும்' என்பது இரண்டாம் தடை. இது மரத்தின் குற்றம் அன்று. இடமறிந்து நடாதவர் குற்றம். ஆலும் அரசும் வீட்டுச் சுவரின் அருகே நடத் தக்கன அல்ல; குளக்கரையும் திடலும் அவற்றிற்கு ஏற்ற இடங்கள். மின்கம்பி செல்லும் பக்கத்தில் செம்பருத்தி, நந்தியாவட்டை போன்ற சிறு செடிகள் போதும். மறுபக்கத்தில் வேம்பும் புங்கும் பூவரசும் நிற்கலாம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. சாய்ந்தவற்றுள் விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்கள் பல. அன்றியும், அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுப் பூசி, வேர் பரவவும் நீர் இறங்கவும் இடம் தராமல் நெருக்கினால் எந்த மரம்தான் உறுதியாக நிற்கும்? விளம்பரப் பலகைக்காக ஆணி அறைவோரும், கடைப் பெயர் தெரியவில்லை என்று கிளையை வெட்டுவோரும் மரத்தை நோயாளியாக்குகின்றனர்.

'இஃது அரசின் கடமை; மக்கள் ஏன் சுமக்க வேண்டும்?' என்பது மூன்றாம் தடை. அரசின் கடமை பெரிது என்பதில் ஐயமில்லை. கன்று தருதல், கூண்டு தருதல், சாலை அமைக்கும்போது மரத்திற்கு இடம் விடுதல், வெட்டுவோரைத் தண்டித்தல் ஆகியன அரசும் நகராட்சியும் செய்ய வேண்டியவை. அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆனால் அரசு வலிமை மிக்க நாட்டிலும் மக்கள் கையின்றிப் பசுமை நிறைவு பெறவில்லை. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், தலைமை அமைச்சர் லீ குவான் யூ 1963ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் ஒரு மரம் நட்டு, மரம் வளர்க்கும் இயக்கத்தைத் தொடங்கினார். நாடு முழுவதும் சாலைகள் சோலைகள் ஆயின. அத்தகைய நாடும் 2005ஆம் ஆண்டில், குடியிருப்பு மக்கள் தாமே கூடித் தோட்டம் வளர்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அரசு மரம் தரலாம். அயலாரை அயலாரோடு இணைக்கும் பணியை ஆணையால் செய்ய முடியாது.

இருமொழித் தெரு

இணைக்கும் பணி திருத்தணிக்குச் சிறப்பாகப் பொருந்துவது. அவ்வூர் முன்னர் ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை குறிக்கப்பட்டது நிலப்படத்தில்; தெருவில் அன்று. இன்றும் அவ்வட்டாரத்தில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து வருவோருள் ஆந்திர நாட்டாரும் பலர்.

தமிழர் வேம்பு என்பதைத் தெலுங்கர் வேப என்பர். புங்கைக் கானுக என்பர். ஆலை மர்ரி என்பர். அரசை ராவி என்பர். நாவலை அவர் நேரேடு என்கின்றனர். நேரேடம் என்னும் பெயர் தமிழ் நிகண்டிலும் நாவலுக்கு உண்டு. மரம் எந்தப் பெயரால் அழைத்தாலும் நிழலைக் குறைப்பதில்லை. தமிழ்ச் சிறுவனும் தெலுங்குச் சிறுமியும் ஒரே கன்றுக்கு நீர் ஊற்றும் தெருவில், ஒருவர் மொழியை மற்றவர் கற்பது எளிது. எல்லைப் போராட்டம் ஓர் ஊரைப் பெற்றுத் தந்தது. அவ்வூரை அனைவரும் வாழத்தக்க ஊராக்குவது அடுத்த தலைமுறையின் கடமை.

கூடிச் செய்யும் வழக்கம் திருத்தணிக்குப் புதிது அன்று. ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் அங்கே படித்திருவிழா நடைபெறுகின்றது. அடியார் திரளாகக் கூடி, ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, படிதோறும் திருப்புகழ் பாடி மலையேறுவர். வள்ளிமலைச் சுவாமிகள் தொடங்கி வைத்த அவ்வழக்கம், அவர் மறைந்த பின்னும் மறையவில்லை. காரணம், அது மக்கள் கையில் இருந்தமையே. 365 படிக்கும் பாட உள்ளம் கொண்ட மக்கள், 365 நாளும் முறைவைத்து நீர் ஊற்ற இயலாதவரா?

மாணவர் இதில் செய்யத்தக்கது சிறிது அன்று. தம் தெருவில் நிற்கும் மரங்களை எண்ணிப் பெயர் எழுதலாம். ஒரு மரமும் இல்லாத தெரு எனின், எங்கே எந்த மரம் நடலாம் என்று பெரியோரோடு கலந்து குறிக்கலாம். வீடுகளின் பெயரை வரிசையாக எழுதி, நீர் ஊற்றும் முறையை வகுத்து, எல்லாரும் காணும் சுவரில் ஒட்டலாம். மரத்தில் அறைந்த ஆணிகளைப் பெரியோர் துணையோடு பிடுங்கலாம். தனியே வாழும் முதியவர் வீட்டு முறை வரும் நாளில் அவர்க்காகத் தாம் ஒரு குடம் சுமக்கலாம். சுமந்தபின் அவரோடு சிறிது நேரம் பேசலாம்.

அவ்வாறு நட்ட கன்று ஆள் உயரம் தாண்டி நிழல் விரிக்கச் சில ஆண்டுகள் செல்லும். ஆனால் தெருவார்க்கிடையே உறவு விரிவதற்கு அத்துணைக் காலம் வேண்டா. முதற் குடம் நீர் ஊற்றிய அன்றே அது தொடங்கிவிடும்.